வெயில் படாத எழுத்து

இந்தச் சாலையில் விளம்பரப் பலகை கிடையாது.
லாரி வரக்கூடாது.
ஐம்பது மைலைத் தாண்டினால்
எந்த மரத்தடியிலிருந்தோ ரேஞ்சர் முளைப்பார் என்கிறார்கள்.
எனக்கென்ன,
நாற்பத்தெட்டிலேயே என் வண்டிக்கு இருமல் வந்துவிடும்.

மூடிப்போன பூக்கடையின் டெலிவரி வேன்,
டூப்பலோவில் ஏலத்தில் எடுத்தது.
பக்கவாட்டு எழுத்துகளை நானே சுரண்டினேன்,
வெண்ணெய்க் கத்தியும் ஹேர் டிரையரும் வைத்து
ஒரு ஞாயிறு முழுக்க.
எழுத்து போனது.
எழுத்துக்கு அடியில் வெயில் படாதிருந்த பச்சை
‘ஆர்டெல் பூக்கள்’ என்று
முன்னைவிடப் பளிச்சென்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.
பூசி மறைக்க ஒரு டின் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.
இப்போதைக்கு அதன்மேல் அடுப்பு.

முகாமில் கட்டணம் இல்லை, கேட்க ஆளும் இல்லை.
மின்சாரம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வந்தேன்.
பத்தொன்பது வருஷம்
கோழி ஆலையில் இரவு ஷிப்ட்,
தொடை வெட்டும் வரிசை.
ராத்திரி என்று ஒன்று வெளியே நடந்ததே தெரியாமல்
குழல்விளக்குக்கு அடியில்
ஐயாயிரம் ராத்திரிகள் போயின.
ஒன்றையாவது
இருட்டோடு முழுசாகப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு குழாய்.
குழாயடியில் ஒரு தேரை, வாடகை கொடுத்தவன் மாதிரி.
கேனை நிரப்பி வந்தேன்,
பீன்ஸைச் சுடவைத்து டின்னோடு தின்றேன்.
டாக்வுட் பூவின் வெள்ளைதான்
கடைசியாக இருண்டது.

கதவை அரையடி திறந்து
கொசுவலையைக் காந்தத்தில் ஒட்டிப் படுத்தால்
சருகில் பூட்ஸ் கால் சத்தம்.
டார்ச் அடித்தேன்: அர்மடில்லோ.
இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு நடையா!
அது போனதும் இன்னொரு நடை.
இது பத்தடி தள்ளி நின்று இருமியது.

ஒன்பதாம் தளத்துக்காரர்.
லுசியஸ் பெட்டிகுரூ என்றார்.
மடிப்புக்கோடுகூடக் கலையாத புதுக் கூடாரம் அவருடையது;
சாயங்காலம் அதன் குச்சிகளோடு மல்லுக்கட்டியதைப்
பார்க்காத மாதிரி பார்த்திருந்தேன்.

“மிஸ் ஆர்டெல் நீங்கள்தானா?”

இல்லை என்று வாய் திறப்பதற்குள்
அவர் சொல்லி முடித்துவிட்டார்.
போனில்தான் பேசினோம்.
வெள்ளை கிளாடியோலஸ், ஆஸ்பத்திரிக்கு, நாலாம் மாடி.
என்னிடம் இருந்த காசுக்குக் குறைத்துக் கொடுத்தீர்கள்.
போனை வைத்த கையோடு கிளம்பினேன்,
இதே சாலையில், ஐம்பதிலேயே வந்தேன்.
தாண்டியிருக்கலாம்.

அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்:
பூ போய்ச் சேர்ந்தபோது
இமோஜீன் கண் திறந்திருந்தாளா?

எங்கோ ஒரு பறவை
ஒரே சொல்லை நூறு தரம் சொல்லிக்கொண்டிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் என் கைகளைப் பார்த்தார்.
வெட்டுத் தழும்புகள்.
பூக்காரி கையிலும் இருக்குமே, முள்.

“திறந்திருந்தாங்க” என்றேன்.
“யார் அனுப்பினதுன்னு கேட்டாங்க.”

“கேட்பாள், கேட்பாள்.
கூட வைத்த சீட்டை என்றைக்குப் படித்தாள்”
என்று சிரிக்க ஆரம்பித்தார்.
மிச்சச் சிரிப்பைத் தன் கூடாரத்துக்கு எடுத்துப்போனார்.

டார்ச்சை அணைத்தேன்.
வந்தது இருட்டு.
அதைப் பார்க்கத்தான் வந்தேன்,
பார்க்க முடியவில்லை.
மெத்தைக்குக் கீழே தகரத்தில் ஊறிப்போன ஒரு வாசனை,
இத்தனை நாளும் பூஞ்சை என்று நினைத்தது,
தண்டு நனைந்த தண்ணீர்.
நாலாம் மாடிக்கு நான் போனதில்லை.
வண்டி வாசல்வரை போயிருக்கும்.

விடிந்தபோது ஒன்பது காலி.
அமுங்கிய புல் ஒவ்வொன்றாய் எழுந்துகொண்டிருந்தது.
என் முன்சக்கரத்தடியில் விறகு,
ஏழு துண்டு, சணல் கட்டி.
குறைத்துக் கொடுத்த காசுக்கு.

பெயிண்ட் டின்மேல் அடுப்பை வைத்துக்
காப்பி போட்டேன்.
டின் திறக்காமல் இருந்தால்தான்
அடுப்பு ஆடாமல் நிற்கிறது.